கனமான குண்டு, சின்ன கேஸ்: .223 தோட்டாவுக்கு மருந்து தேர்வாவது எப்படி?

அமெரிக்காவில் துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போகிறவர்களில் பலர் கடைத் தோட்டாவை வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து, அளவு திருத்தி, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வைத்துத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். ரீலோடிங் என்று இதற்குப் பெயர். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இந்த வேலையில் ஒரு நெருக்கடி வந்தது. பீரங்கிக் குண்டுக்கும் ரைஃபிள் தோட்டாவுக்கும் அடிப்படை மருந்து ஒன்றுதான், நைட்ரோசெல்லுலோஸ். பீரங்கிக்கான தேவை ஏற ஏற, மருந்து எங்கும் தட்டுப்பாடானது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வெடிபொருள் உற்பத்தியைப் பெருக்க 50 கோடி யூரோ ஒதுக்கியபோது, அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு மருந்துக்கும் வெடிபொருளுக்கும்தான் போனது. குண்டுக் கூட்டைவிட அதற்குள் போகும் தூள்தான் கிடைப்பதற்கு அரிதாக இருந்தது.

பல வருஷமாக ஒரே டப்பாவை வாங்கிப் பழகியவர்கள் கடை அலமாரி காலியாக இருப்பதைப் பார்த்து, ‘இதற்குப் பதில் எதைப் போடலாம்?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு வரிதான்: கனமான குண்டுக்கு மெதுவாக எரியும் மருந்து. இது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. பெரிய தோட்டாக்களில் இதை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். .223 ரெமிங்டன் போன்ற சின்னத் தோட்டாவில் இதை மட்டும் நம்பினால் கூடு நிரம்பிவிடும், வேகம் வராது. மீதிப் பாதி உண்மை இடத்தைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். எத்தனை கிரெயின் மருந்து என்ற எண் இந்தக் கட்டுரையில் இருக்காது. அந்த எண் மருந்து நிறுவனம் சோதித்து வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே வர வேண்டும். ஏன் அப்படி என்பது போகப்போகப் புரியும்.

சொற்கள்

1. கேஸ்: பித்தளைக் கூடு. மற்ற மூன்றையும் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

2. பிரைமர்: கூட்டின் அடியில் உள்ள சின்னக் கிண்ணம். ஊசி தட்டியதும் பொறி பறப்பது இங்கே.

3. மருந்து: கூட்டுக்குள் இருக்கும் எரிபொருள். பேச்சில் ‘தூள்’ என்றாலும் உண்மையில் இது தூளே இல்லை, சின்னச் சின்ன மணிகள்.

4. குண்டு: கூட்டின் வாயில் செருகி இருப்பது. துப்பாக்கிக் குழாய் வழியே வெளியே பறப்பது இது மட்டும்தான். முழுப் பொருளுக்குப் பெயர் தோட்டா.

5. கிரெயின்: எடை அளவு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். நகைக்கடையில் அந்தக் காலத்தில் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும். குண்டையும் மருந்தையும் இதே அளவில்தான் சொல்வார்கள். அதனால் ‘77 கிரெயின்’ என்றால் குண்டின் எடையா மருந்தின் எடையா என்று புதியவர் குழம்புவதுண்டு. .223-இல் அது எப்போதும் குண்டுதான். அவ்வளவு மருந்து கூட்டுக்குள் கொள்ளவே கொள்ளாது.

6. ட்விஸ்ட்: குழாயின் உட்சுவரில் வெட்டியிருக்கும் சுருள் பள்ளம் ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் எடுக்கிறது என்பது. 7 என்றால் வேகமான சுழற்சி, 12 என்றால் மந்தம்.

வெடிப்பு இல்லை, எரிதல்

‘வெடிமருந்து’ என்ற சொல்லே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. துப்பாக்கிக்குள் இருப்பது வெடிப்பதில்லை. மிக வேகமாக எரிகிறது. 1884-இல் பிரான்ஸின் பால் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதுவரை இருந்த கரிமருந்து எரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கடினம். புது மருந்தில் அந்தப் பிடி மனிதன் கைக்கு வந்தது. பிரிட்டிஷார் 1889-இல் கார்டைட் என்ற பெயரில் தங்கள் வகையைச் செய்தார்கள். குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலையின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். நீலகிரி மலை ரயிலில் போகிறவர்களுக்கு அந்த ஸ்டேஷன் பெயர் பழக்கம். உள்ளே தயாராவது என்ன என்பது பலருக்குத் தெரியாது.

வியே கண்ட இன்னொன்று நமக்கு இங்கே முக்கியம். மருந்து எரியும் வேகம் அதைச் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. திறந்த வெளியில் ஒரு சிட்டிகை மருந்தைப் பற்றவைத்தால் உஸ்ஸென்று சாவகாசமாக எரியும். அதையே அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எரிதலை விரட்டும். அந்த எரிதல் இன்னும் அழுத்தத்தை ஏற்றும். இந்தச் சங்கிலியை அவிழ்க்கும் ஒரே விஷயம் குண்டு நகர்வது. குண்டு முன்னே போகப் போகப் பின்னால் இடம் பெருகும், அழுத்தம் தணியும். ஆக, துப்பாக்கிக்குள் நடப்பது ஒரு போட்டி: வாயு பெருகும் வேகத்துக்கும் இடம் பெருகும் வேகத்துக்கும்.

மருந்தின் எரிதலை மெதுவாக்க உற்பத்தியாளர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மணியின் வடிவம். நடுவில் ஓட்டை போட்ட சின்னக் குச்சி வெளியிலிருந்து உள்ளேயும் உள்ளிருந்து வெளியேயும் எரியும். வெளிப்பரப்பு சுருங்கினாலும் ஓட்டை அகலும், எரியும் பரப்பு கிட்டத்தட்ட மாறாது. உருண்டை அப்படி இல்லை. எரிய எரியச் சிறுத்துக்கொண்டே போகும், பரப்பும் குறையும். அதனால் உருண்டை மருந்துக்கு இரண்டாவது வழி கட்டாயம்: எரிதலைத் தடுக்கும் வேதிப்பூச்சு. மேல்தோலில் பூச்சு அடர்த்தி, உள்ளே போகப் போகக் குறைவு. முதலில் நிதானமாகப் பிடிக்கும், பிறகு வேகமெடுக்கும்.

ரீலோடர்கள் கையில் வைத்திருக்கும் ‘எரிவேக வரிசை’ பட்டியலைப் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை. வேகமானது மேலே, மந்தமானது கீழே என்று நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகள் வரிசையாக இருக்கும். அதற்கு அலகு கிடையாது. 90-ஆம் இடத்துக்கும் 91-ஆம் இடத்துக்கும் உள்ள தூரம், 91-க்கும் 92-க்கும் உள்ள தூரமாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு என்பதற்காக ஒன்றின் அளவை மற்றதற்குப் போடுவது தற்கொலைக்குச் சமம்.

குண்டை ஏன் கனமாக்குகிறார்கள்?

.223-இன் குண்டு 0.224 அங்குல விட்டம், அதாவது 5.7 மில்லிமீட்டர். அறுபதுகளில் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது 55 கிரெயின் குண்டு. 1980-இல் நேட்டோ ஏற்ற தோட்டாவில் 62. இன்று தூரப் போட்டிகளில் சாதாரணமாகப் புழங்குவது 77, 80. விட்டத்தை மாற்ற முடியாது, அது குழாயின் அளவு. அப்படியானால் எடை கூட ஒரே வழி நீளம் கூடுவது.

நீளமான, கூர்மையான குண்டு காற்றை நன்றாகக் கிழிக்கும். இதை அளக்கும் எண்ணுக்கு பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்று பெயர். பெரிய எண், குறைந்த இழுவை. சாதாரண 55 கிரெயின் குண்டுக்கு இது 0.25 பக்கம். சியரா நிறுவனத்தின் 77 கிரெயின் மேட்ச்கிங் குண்டுக்கு 0.37 பக்கம். ஓஹியோ மாநிலத்தில் ஈரி ஏரிக் கரையில் கேம்ப் பெர்ரி என்ற இடத்தில் 1907-லிருந்து அமெரிக்கத் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. ஏரிக்காற்று சும்மா இராது. 600 கெஜத்தில், அதாவது அரைக் கிலோமீட்டருக்கும் அப்பால், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12 அங்குலம். சாப்பாட்டுத் தட்டு அளவு. லேசான காற்றே 55 கிரெயின் குண்டை அந்தத் தட்டுக்கு வெளியே தள்ளிவிடும். 77-ஐயும் தள்ளும், ஆனால் குறைவாக. தொண்ணூறுகளில் சின்ன விட்டக் குழாய் ரைஃபிள்கள் அந்த மைதானத்தில் .30 அளவு ரைஃபிள்களை ஓரங்கட்டியதற்கு இந்த நீளக் குண்டுகள் முக்கியக் காரணம்.

நீளக் குண்டுக்குச் சுழற்சியும் அதிகம் வேண்டும். 1879-இல் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த பழைய சூத்திரத்தில் எடைக்கு இடமே இல்லை, விட்டமும் நீளமும்தான்: 150-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் தேவையான ட்விஸ்ட் அங்குலத்தில் வரும். 77 கிரெயின் குண்டின் நீளம் ஏறக்குறைய ஓர் அங்குலம். கணக்குப் போட்டால் 7.5. அதனால்தான் 7 அல்லது 8 ட்விஸ்ட் குழாய் கேட்கிறார்கள். 12 ட்விஸ்ட் உள்ள பழைய குழாயில் போட்டால் குண்டு தலைகுப்புறப் புரளும், அட்டையில் பக்கவாட்டில் மோதிய சாவித்துவாரம் போன்ற ஓட்டை விழும். எந்த மருந்தும் அதைச் சரிசெய்யாது. மருந்தைப் பற்றிக் கவலைப்படும் முன் குழாயின் ட்விஸ்ட்டைப் பார்ப்பதுதான் முறை.

ஒரே தள்ளு, வேறு கணக்கு

அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பின் பெயர் ‘சாமி’ என்றுதான் ஒலிக்கும். இந்தச் சாமி .223-க்கு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது 32 பக்கம். அதைப்போல் 1,700 மடங்கு. 0.224 அங்குலக் குண்டின் அடிப்பரப்பில் இது ஏறக்குறைய ஒரு டன் எடையின் தள்ளாக விழுகிறது. சுண்டுவிரல் நுனியைவிடச் சிறிய வட்டத்தில் ஒரு டன்.

இப்போது இரண்டு குண்டுகளை எடுத்துக்கொள்வோம். 55 கிரெயின் என்பது 3.56 கிராம், 77 கிரெயின் என்பது 4.99 கிராம், நாற்பது சதவீதம் கூடுதல். தள்ளு ஒன்றே என்றால் கனமானது தொடக்கத்தில் சுமார் 29 சதவீதம் குறைந்த முடுக்கத்தில் நகரும். அதாவது பின்னால் இடம் பெருகுவது தாமதமாகும். மேலே சொன்ன போட்டியில் இடம் தோற்கிறது, வாயு ஜெயிக்கிறது. இலகுவான குண்டுக்குப் பொருத்தமான வேக மருந்தை அதே அளவு போட்டு 77-ஐச் செருகினால், குண்டு வழிவிடுவதற்கு முன்பே அழுத்தம் உச்சத்தைத் தாண்டிவிடும். அளவைக் குறைத்தால் உச்சம் அடங்கும், ஆனால் குழாயின் பிற்பாதியில் தள்ளுவதற்கு வாயு மிச்சமிருக்காது. வேகம் போய்விடும்.

மெதுவான மருந்து இந்த இடத்தில் உதவுகிறது. உச்சத்தைக் கொஞ்சம் தாமதித்து, அதன் பிறகும் நீண்ட நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். ‘நீண்ட நேரம்’ என்றாலும் எல்லாம் ஒரு மில்லி வினாடி அளவில் முடிகிற சமாசாரம்.

நன்றாக அமைந்த தோட்டாவில் விளைவு எப்படி இருக்கும்? கடையில் கிடைக்கும் 55 கிரெயின் .223 தோட்டாவுக்கு வினாடிக்கு 3,240 அடி என்று போட்டிருப்பார்கள். அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காக வந்த எம்கே 262 என்ற 77 கிரெயின் தோட்டாவுக்கு 2,750 அடி. இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முதலாவது 1,740 ஜூல், இரண்டாவது 1,750 ஜூல், கிட்டத்தட்ட ஒன்றே. கனமான குண்டு போட்டதால் ‘சக்தி’ கூடவில்லை, கூடவும் கூடாது. அதே கூடு, அதே உச்ச வரம்பு. செலவழிக்கிற விதம்தான் வேறு. கனமான குண்டு என்றால் காட்டமான மருந்து வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் மிக மெதுவான மருந்தைப் போடலாமே?

போட முடியாது, இடமில்லை. விஷயத்தின் முடிச்சு இங்கேதான்.

.223 கூட்டின் கொள்ளளவு நிரம்ப நிரம்ப ஊற்றினாலும் இரண்டு மில்லிக்குக் குறைவு. தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. அதிலும் முழுவதும் மருந்துக்குக் கிடைக்காது. ஏஆர்-15 வகை ரைஃபிளின் மேகஸினுக்குள், அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டிக்குள், போக வேண்டுமானால் முழுத் தோட்டாவின் நீளம் 2.26 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வெளியே நீட்ட முடியாத நீளக் குண்டு வேறு எங்கே போகும்? கூட்டுக்குள்தான். மருந்து இருக்க வேண்டிய இடத்தைக் குண்டின் வால் பிடித்துக்கொள்கிறது. நெரிசல் பஸ்ஸில் ஒருவர் மூட்டையோடு ஏறின மாதிரி.

மெதுவான மருந்துக்கு அதே அழுத்தத்தை எட்ட அளவும் அதிகம் வேண்டும். பெரிய கூடுகளுக்கென்று செய்த மிக மந்தமான மருந்தை .223-க்குள் கழுத்துவரை அமுக்கினாலும் அழுத்தம் பாதி வழியில் நின்றுவிடும். எரியாத மணிகள் குழாயில் மிஞ்சும், வேகம் ஒவ்வொரு சூட்டுக்கும் மாறும். ஆகவே சரியான கேள்வி ‘எது மெதுவானது?’ என்பதல்ல. ‘கூடு நிரம்புவதும் அழுத்தம் வரம்பை நெருங்குவதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நடக்கும் மருந்து எது?’ என்பதுதான். .223-இல் 77, 80 கிரெயின் குண்டுகளுக்கு அந்த இடத்தில் நிற்பவை மத்திய வேக மருந்துகள்; .308 போன்ற நடுத்தரத் தோட்டாக்களிலும் புழங்குகிறவைதான்.

கூடு நன்றாக நிரம்புவதில் இன்னொரு லாபமும் உண்டு. பாதி காலியான கூட்டில் மருந்து முன்பக்கம் சரிந்திருக்கலாம், பின்பக்கம் குவிந்திருக்கலாம். பிரைமரின் தீ ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிப் படும். நிரம்பிய கூட்டில் அசையவே இடமில்லை. தவிர, தவறி இருமடங்கு மருந்து ஊற்றினால் வெளியே வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

80 கிரெயின் குண்டைப் போடுகிறவர்கள் மேகஸினையே விட்டுவிடுகிறார்கள். 200, 300 கெஜத்தில் பத்துச் சூடு வேகமாகப் போக வேண்டும், அங்கே 77. 600 கெஜத்தில் நிதானமாகச் சுடுவதால் ஒவ்வொன்றாகக் கையால் அறைக்குள், அதாவது குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், வைக்கலாம். நீளக் கட்டுப்பாடு இல்லை, குண்டை வெளியே நீட்டி வைத்து மருந்துக்கு இடத்தை மீட்டுக்கொள்கிறார்கள். ஒரே ரைஃபிள், ஒரே போட்டி, இரண்டு தோட்டா. சில சமயம் மருந்தும் இரண்டு.

குச்சியா, உருண்டையா?

கடையில் கனமான .223 குண்டுகளுக்காக விலைபோகும் மருந்துகள் பெரும்பாலும் இரண்டு குடும்பம்.

1. குச்சி மருந்துகள். ஹாட்ஜ்டனின் வார்கெட், எச் 4895, ஐஎம்ஆர் 4064, 8208 எக்ஸ்பிஆர், பின்லாந்தின் விஹ்தவூரி என் 140, அலையன்ட்டின் ரீலோடர் 15 எல்லாம் இதில் அடங்கும். வார்கெட் செய்யப்படுவது ஆஸ்திரேலியாவில். அங்கே அதே மருந்துக்கு ஏஆர் 2208 என்று பெயர். பென்சில் முனையைப் பொடியாக நறுக்கிப்போட்ட மாதிரி இருக்கும். சிக்கல் அளக்கும்போது வரும். பெரும்பாலோர் மருந்தை நிறுப்பதில்லை, அளவுப் பெட்டி என்ற கருவியின் கைப்பிடியைத் திருப்பி ஒரு சின்னக் குழியளவாக அளக்கிறார்கள். நீளக் குச்சி குழி ஓரத்தில் மாட்டினால் கைப்பிடி ‘நறுக்’கென்று பிடிக்கும், குச்சி வெட்டுப்பட்டு, அந்த முறை அளவு கொஞ்சம் மாறியிருக்கும். .223-இன் குறுகிய வாயில் புனல் வழியே இறங்கும்போது அடைத்துக்கொள்வதும் உண்டு. குட்டிக் குச்சியாக வந்த 8208-க்கு அந்தத் தொல்லை குறைவு.

2. உருண்டை மருந்துகள். எச் 335, பிஎல்-சி 2, சிஎஃப்இ 223, ராம்ஷாட் டாக் முதலியவை. உள்ளங்கையில் கொட்டினால் கறுப்புக் கசகசா போலத் தெரியும். அளவுப் பெட்டியில் தண்ணீராக ஓடும், நெருக்கமாக அடங்கும், குறைந்த இடத்தில் அதிக எடை கொள்ளும். நீளக் குண்டு இடத்தைத் தின்னும்போது இது பெரிய வசதி. அதற்குக் கொடுக்கும் விலை: பற்றவைப்பது கொஞ்சம் கடினம், பல வகைகளில் வெப்பத்துக்கு ஏற்ப அழுத்தம் அதிகம் மாறும்.

நைட்ரோகிளிசரின் சேர்ந்த மருந்துகள் என்று ஒரு பிரிவும் உண்டு. விஹ்தவூரியின் 500 வரிசை குச்சிகளில் அது இருக்கும், 100 வரிசையில் இருக்காது. உருண்டைகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும். அதே இடத்தில் அதிக ஆற்றல், அதிகச் சூடு, குழாயின் தொண்டைத் தேய்மானமும் அதிகம். அவ்வளவுதான்.

வெப்பம் பற்றி: மேசையில் 20 டிகிரியில் சோதித்த தோட்டா ஜூலை வெயிலில் மைதானத்துத் தரையில் கிடக்கும், சுட்டுச் சுட்டுக் காய்ந்த அறைக்குள் ஒரு நிமிஷம் காத்திருக்கும். மருந்து சூடேறினால் வேகமாக எரியும். குளிர்காலத்தில் வரம்புக்குப் பக்கத்தில் நின்ற அளவு கோடையில் வரம்பைத் தாண்டலாம். வார்கெட் போன்றவை இந்த மாற்றம் குறைவாக இருக்கும்படி செய்யப்பட்டவை. அதற்காகவே அவற்றுக்கு இவ்வளவு கிராக்கி, தட்டுப்பாட்டில் முதலில் காணாமல் போனவையும் இப்படிப்பட்டவைதான்.

வியட்நாமில் நடந்தது

உச்ச அழுத்தம் வரம்புக்குள் இருந்தால் போதும் என்று நினைத்து ஒரு ராணுவமே தடுமாறிய கதை இந்தத் தோட்டாவுக்கு உண்டு. அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிள் உருவானபோது அதன் தோட்டாவில் இருந்தது டூபான் நிறுவனத்தின் ஐஎம்ஆர் 4475 என்ற குச்சி மருந்து. பெருமளவில் உற்பத்தி செய்யும்போது, அழுத்த வரம்புக்குள் குறித்த வேகத்தைத் தருவது அந்த மருந்துக்குச் சிரமமாக இருந்தது. 1964-இல் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கு மாறினார்கள். வேகம் வந்தது, உச்ச அழுத்தமும் அடங்கியது. காகிதத்தில் எல்லாம் சரி.

ஆனால் எம்16 தானாக இயங்குவது குழாயின் நடுவில் உள்ள துளை வழியே வரும் வாயுவால். புது மருந்தின் அழுத்தம் உச்சத்தில் குறைவு, அந்தத் துளை இருக்கும் இடத்தில் கூடுதல். மெதுவாக எரிவது என்றால் பின்னால் அழுத்தம் மிஞ்சியிருக்கும் என்பதுதானே அர்த்தம்! ரைஃபிளின் இயக்கம் வேகமெடுத்தது, கூடு அறையில் ஒட்டியிருக்கும்போதே இழுக்கப்பட்டது. போதாக்குறைக்கு மருந்தில் அமிலத்தைத் தணிக்கச் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட், நம் சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள், வாயுக் குழலில் படிந்தது. துடைக்கும் கருவிகள் போதிய அளவில் தரப்படவில்லை. அறைக்கு குரோமியப் பூச்சும் இல்லை. சண்டையின் நடுவில் துப்பாக்கிகள் நின்றன. 1967-இல் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையிலான அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்து ராணுவத்தைக் கடுமையாகச் சாடியது. பிறகு கார்பனேட் அளவு குறைக்கப்பட்டது, அறைக்குப் பூச்சு வந்தது, இயக்க வேகத்தைத் தணிக்கும் பாகம் மாறியது.

உருண்டை மருந்து கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. திருத்திய வகை இன்றும் ராணுவத் தோட்டாக்களில் போகிறது. எச் 335 அதே வழியில் வந்தது. துப்பாக்கியும் மருந்தும் ஒன்றுக்கொன்று சோதிக்கப்படாமல் கல்யாணம் செய்துவைக்கப்பட்டதுதான் தவறு. கையால் பூட்டை இழுக்கும் போல்ட் ரைஃபிளில் இந்தக் கவலையே கிடையாது. அங்கே கொஞ்சம் மெதுவான மருந்துக்கும் இடமுண்டு. வாயுவில் இயங்கும் ரைஃபிளில் மந்தத்துக்கு மேல் பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. பழைய எம்1 காரண்ட் ரைஃபிளில் அந்த எல்லையை மீறியவர்கள் அதன் இயக்கத் தண்டை வளைத்துக்கொண்டார்கள்.

பதில் மருந்து தேடுகிறவருக்கு

வழக்கமான டப்பா கிடைக்கவில்லை என்று நிற்பவர் என்ன வரிசையில் யோசிக்க வேண்டும்?

1. குழாயின் ட்விஸ்ட், குண்டின் நீளம். இது பொருந்தாவிட்டால் மேலே போக வேண்டாம்.

2. மேகஸினா, ஒவ்வொன்றாகவா? கூட்டுக்குள் எவ்வளவு இடம் என்பதை இது தீர்மானிக்கும்.

3. அதே எடை மட்டும் போதாது, அதே குண்டுக்கான அட்டவணை வேண்டும். ஒரே 77 கிரெயினில் இரண்டு நிறுவனக் குண்டுகள் நீளத்திலும் உடம்பின் உராய்வுப் பரப்பிலும் வேறுபடும், அழுத்தமும் வேறுபடும்.

4. பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். எச் 4895, ஐஎம்ஆர் 4895 இரண்டும் வேறு வேறு மருந்து, அளவும் வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவத்தின் மிச்ச மருந்தை வாங்கி விற்ற காலத்திலிருந்து வந்த ஒரே எண்; இன்று இரண்டு டப்பாவையும் ஒரே நிறுவனம்தான் விற்கிறது. குழப்பத்துக்கு வேறென்ன வேண்டும்!

5. அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், உச்சத்திலிருந்து அல்ல. பிரைமர் தட்டையாவது, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுவது போன்ற அடையாளங்களைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்பார்கள். அவை தெரியும்போது அழுத்தம் ஏற்கெனவே வரம்பைத் தாண்டியிருக்கும். வேகம் அளக்கும் கருவி இதைவிட முன்கூட்டியே சொல்லும்: புத்தகத்தில் உள்ள வேகத்தை உங்கள் தோட்டா குறைந்த மருந்திலேயே எட்டினால், அழுத்தமும் எட்டிவிட்டது என்று கொள்ள வேண்டும். இலவசமாக வேகம் யாரும் தருவதில்லை.

6. மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே டப்பா. மிக வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்து ரைஃபிள் கூட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை மேலே படித்தவரே ஊகிக்கலாம். வேலை முடிந்ததும் அளவுப் பெட்டியில் மிஞ்சியதை அதன் சொந்த டப்பாவிலேயே அன்றைக்கே திருப்பிக் கொட்டிவிட வேண்டும். பெட்டியில் விட்டுவைத்தால் அடுத்த வாரம் அது எந்த மருந்து என்று கண்ணால் சொல்ல முடியாது.

இந்தியாவில் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருப்பது இதற்கு ஆகாது. மேலே சொன்ன பழக்கமெல்லாம் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளுக்கு உரியது.

கடைசியாக, டப்பாவில் அச்சிட்டிருக்கும் லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண். ஒரே பெயரில் வரும் மருந்தும் ஒவ்வொரு தயாரிப்பிலும் சிறிதளவு மாறும். சில்லறைக்கு வரும் டப்பாக்களை நிறுவனங்கள் கலந்து சரிக்கட்டி ஒரு வரம்புக்குள் வைக்கின்றன, ஆனால் முற்றும் ஒன்றாக்க முடியாது. கனமான குண்டு, நிரம்பிய கூடு, வரம்புக்குப் பக்கத்தில் அழுத்தம் என்று இருக்கும் தோட்டாவில் அந்தச் சிறிதளவே தெரியும். புது டப்பா திறந்தால், பழைய டப்பாவில் கால் பங்கு மீதி இருந்தாலும் இரண்டையும் கலப்பதில்லை. பழையதைத் தனியாகத் தீர்த்துவிட்டு, புதியதற்கு அளவைக் கொஞ்சம் இறக்கி மறுபடி முதலிலிருந்து ஏறி வருகிறார்கள்.